யாருடைய உடல், யாருடைய கை: சிதம்பரம் வழக்கும் மரபணுச் சான்றின் எல்லையும்

1996 நவம்பர் 7 அன்று சென்னை மந்தைவெளி பேருந்துப் பணிமனையில் நின்ற 21ஜி பேருந்தில் ஓர் ஆணின் உடற்பகுதி கிடைத்தது. தலை இல்லை, கைகால்கள் இல்லை. முகமும் கைரேகையும் இல்லாத உடலுக்குக் காவல் நிலையத்தில் பெயர் கிடையாது. ‘அடையாளம் தெரியாத ஆண் உடல்’ என்று ஒரு வழக்கு பதிவாகும், அவ்வளவுதான்.

அதே நாட்களில் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் இன்னொரு தேடல் நடந்துகொண்டிருந்தது. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன். நாவரசு விடுதியில் இல்லை. அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 10. பண்டிகைக்குச் சென்னை வீட்டுக்கு வந்து சேரவேண்டிய பிள்ளை வரவில்லை. தந்தை பொன்னுசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். மகனைத் தேடிச் சிதம்பரம் வந்தார். சென்னையில் பெயரில்லாத ஓர் உடல், சிதம்பரத்தில் உடலில்லாத ஒரு பெயர். இரண்டு காவல் நிலையங்களின் இரண்டு கோப்புகள் ஒரே மனிதரைப் பற்றியவைதானா என்பதே புலனாய்வின் முதல் கேள்வி.

அதே கல்லூரியில் நாவரசுக்கு மூத்த மாணவரான ஜான் டேவிட் நவம்பர் 14 அன்று மன்னார்குடி நீதிமன்றத்தில் சரணடைந்தார். காவல் விசாரணையில் அவர் சொன்னதன் பேரில் பல்கலைக்கழக வளாகத்து நீர்நிலையிலிருந்து தலை எடுக்கப்பட்டது என்றது அரசுத் தரப்பு. மரக்காணத்தை அடுத்த கூனிமேடு கடற்கரையில் கைகால் எலும்புகள் கிடைத்தன. ராகிங் கொடுமையின்போது நடந்த தாக்குதல் கொலையில் முடிந்தது என்பது குற்றச்சாட்டு. கண்ணால் கண்ட சாட்சி ஒருவரும் இல்லை.

1998 மார்ச் 11 அன்று கடலூர் செஷன்ஸ் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. சந்தர்ப்பங்களின் சங்கிலி முழுமையாக நிரூபிக்கப்படவில்லை என்று 2001 அக்டோபர் 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2011 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்துசெய்து குற்றத்தை உறுதிப்படுத்தியது. பதினான்கரை ஆண்டுகள், மூன்று நீதிமன்றங்கள். மூன்றின் மேசையிலும் இருந்தது ஒரே மரபணு அறிக்கைதான்.

இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ‘டி.என்.ஏ. வந்துவிட்டால் வழக்கு முடிந்துவிடும்’ என்ற நம்பிக்கை செய்தித்தாள் படிப்பவர்களிடம் மட்டுமல்ல, காவல்துறையிலும் வழக்கறிஞர்களிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அறிக்கை மாறாதிருக்கத் தீர்ப்பு மாறி மாறி வந்தது எப்படி? அறிக்கை பதில் சொன்ன கேள்வி ஒன்று. நீதிமன்றங்கள் விடை தேடிய கேள்வி வேறொன்று.

அந்தச் சோதனையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இறந்தவரின் மரபணு மாதிரி உயிரோடு இருந்த காலத்தில் எடுத்து எங்கும் வைக்கப்பட்டிருக்கவில்லை. ஆகவே தந்தை, தாய் இருவரின் ரத்தமும் எடுக்கப்பட்டு, உடற்பகுதிகளிலிருந்து எடுத்த திசுக்களோடு ஒப்பிடப்பட்டது. பிள்ளையின் மரபணுவில் எந்த இடத்தைத் தொட்டாலும் ஒரு பாதி தாயிடமிருந்தும் மறுபாதி தந்தையிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். உடலில் காணும் ஒவ்வொரு கூறுக்கும் பெற்றோரில் ஒருவரிடம் மூலம் இருந்தால் உறவு நிற்கும். பல இடங்களில் மூலமே இல்லையென்றால் உறவு இல்லை.

இதற்குள் இரண்டு தனித்தனி வினாக்கள் இருக்கின்றன. தலை, உடற்பகுதி, கைகால் ஆகிய மூன்றும் ஒரே ஆளுடையவையா? அந்த ஆள் இந்தப் பெற்றோரின் பிள்ளையா? முதல் வினாவுக்கு மருத்துவரின் கண்ணும் உதவும். வெட்டுப்பட்ட கழுத்தெலும்பின் இரு முகங்களும் பொருந்துகின்றனவா, வயதும் உடலமைப்பும் ஒத்துப்போகின்றனவா என்று உடற்கூறாய்வில் பார்ப்பார்கள். இரண்டாவது வினா மரபணுவுக்கே உரியது. இரண்டுக்கும் ‘ஆம்’ என்ற விடை வந்த பிறகும் சோதனை சொல்வது ‘இது இந்தத் தம்பதியின் பிள்ளை’ என்பதை மட்டுமே. உடன்பிறந்த எவருடைய உடலும் அதே சோதனையில் அதே பெற்றோரோடு பொருந்தும். காணாமல் போன பிள்ளை எது, அவருடைய வயதென்ன, கடைசியாக எங்கே காணப்பட்டார் என்ற சாதாரண விவரங்கள்தான் அந்த உடலுக்கு நாவரசு என்ற பெயரைத் தருகின்றன. அறிவியல் ஒரு பாதி சொல்ல, மறுபாதியை வாழ்க்கை சொல்கிறது. இந்த வழக்கில் இரண்டும் ஐயத்துக்கு இடமின்றிச் சேர்ந்தன.

ஆனால் அந்த அறிக்கையில் கொலையாளியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை, இருக்கவும் முடியாது. உடல் யாருடையது என்பதிலிருந்து வெட்டிய கை யாருடையது என்பதற்குப் போகும் வழி முழுக்க மனித சாட்சியமும் அனுமானமும்தான். கடைசியாக இருவரையும் சேர்த்துப் பார்த்தவர் நம்பத்தக்கவரா, தலை கிடந்த இடம் குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன பிறகுதான் தெரியவந்ததா, அதற்கு முன்பே போலீசுக்குத் தெரியுமா என்பன போன்ற கேள்விகள் அவை. இந்திய சாட்சியச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, காவலில் இருப்பவர் சொன்னதை ஒட்டி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் சொன்னதில் அந்த அளவை மட்டும் சாட்சியமாக ஏற்றது. புதிய சாட்சியச் சட்டத்தில் அது 23ஆம் பிரிவின் பகுதியாகியிருக்கிறது. அதன் எல்லையைப் புளுகுரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில் வெகுகாலம் முன்பே வகுத்துவிட்டது: பொருள் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும் என்பதே நிரூபணமாகிறது, அதைக்கொண்டு அவர் என்ன செய்தார் என்பதல்ல. கடலூர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் இத்தகைய கண்ணிகளைச் சேர்த்துப் பார்த்துச் சங்கிலி முழுமை என்றன. உயர் நீதிமன்றத்துக்கு அது முழுமையாகத் தெரியவில்லை.

1998இல் பிரிட்டிஷ் தடயவியலாளர்கள் ரோஜர் குக், இயன் எவெட் முதலியோர் இந்தப் பிரச்சினைக்கு ஓர் ஒழுங்கு கொடுத்தார்கள். தடயத்தைப் பற்றிய கேள்விகள் மூன்று படிகளில் நிற்கின்றன. இந்த ரத்தம், இந்த முடி யாரிடமிருந்து வந்தது என்பது முதல் படி. எந்தச் செயலால் அது இங்கே வந்தது என்பது இரண்டாவது. அந்தச் செயல் குற்றமா என்பது மூன்றாவது. ஆய்வகத்தின் பலம் முதல் படியில்தான். இரண்டாவது படியில் கவனத்தோடு ஓரளவு உதவ முடியும். மூன்றாவது முழுக்க நீதிமன்றத்தின் வேலை. முதல் படியில் கிடைத்த அசைக்க முடியாத விடையைக் கேட்பவர்கள் தங்களை அறியாமலே மூன்றாவது படிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். தடயவியல் வழக்குகளில் நேரும் தவறுகளில் பெரும்பகுதி இந்தத் தாவலில்தான் பிறக்கிறது என்பது என் துணிபு.

இந்தச் சோதனை வந்த வழியும் தெரிந்திருப்பது நல்லது. 1984இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் மரபணுக் கைரேகையைக் கண்டார். அதே வட்டாரத்தில் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்ட வழக்கில் அதை முதன்முதலாகப் பயன்படுத்தியபோது அது செய்த முதல் காரியம், பொய்யாக ஒப்புக்கொண்டிருந்த ஓர் இளைஞரை விடுவித்தது. உண்மைக் கொலையாளி கோலின் பிட்ச்ஃபோர்க் அதன் பிறகே அகப்பட்டார். இந்தியாவில் ஹைதராபாத் செல்லியல் மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் இதே காரியத்துக்குத் தனி வழி கண்டார். கட்டுவிரியன் வகைப் பாம்பு ஒன்றின் மரபணுவில் பாலினக் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது அவர் பிரித்தெடுத்த துண்டு ஒன்று, மனிதர்களிடையே ஆளுக்கு ஆள் மாறும் வரிகளைக் காட்டியது. அதைக்கொண்டு கேரளத்தின் தலைச்சேரியில் ஒரு தந்தைமை வழக்கு தீர்க்கப்பட்டது. 1991இல் ராஜீவ் காந்தி கொலைக்குப் பின் அதில் தொடர்புடைய தணு, சிவராசன் ஆகியோரின் உடல்களை அடையாளம் கண்டு உறுதிசெய்யவும் அந்த முறை பயன்பட்டது. நாவரசு வழக்கு நடந்தபோது இந்தியாவில் இந்தச் சோதனைக்குப் பத்து வயதுகூட ஆகியிருக்கவில்லை.

சோதனையைவிடப் பெரிய சிக்கல் திசுவின் நிலைமை. நம் கடற்கரை வெக்கையில் உடல் ஓரிரு நாளில் அழுகத் தொடங்கிவிடும். நீரில் கிடந்தால் தோலும் தசையும் சிதைந்து மரபணு இழை துண்டு துண்டாகிறது, கூடவே நுண்ணுயிர்களின் மரபணுவும் கலந்துவிடுகிறது. இந்த நிலையில் தொடை எலும்பும் கடைவாய்ப் பல்லும் தசையைவிட மேலானவை. கெட்டியான எலும்புச் சுவருக்குள்ளும் பற்சிப்பிக்குள்ளும் இழை நெடுநாள் தங்கும். பிணவறைகளில் ஒரு பழைய பழக்கம் இருந்தது: எதை எடுத்தாலும் ஃபார்மலினில் போடுவது. நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்க அது சரி. மரபணுவுக்கு அது விஷம். இழைகளைப் பிணைத்து உடைத்துவிடும். நஞ்சு சோதனைக்குப் போகும் ஈரலையும் இரைப்பையையும் உப்பு நிறைகரைசலில் வைக்க வேண்டும். மரபணுவுக்கான திசுவை ஐஸில் வைக்க வேண்டும். ரத்தக் கறை படிந்த துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். விஞ்ஞானி உட்கார்ந்திருக்கும் ஆய்வகத்துக்கு வெகு முன்னால், பிணவறை உதவியாளரின் கையில், ஒரு தலைமைக் காவலரின் பையில் சான்றின் தலைவிதி எழுதப்பட்டுவிடுகிறது.

கடலூர் மாவட்டத்துக்கு ‘இது யாருடைய உடல்’ என்ற கேள்வி பேரளவில் வந்த நாள் ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26. தேவனாம்பட்டினம் முதல் கிள்ளை, பிச்சாவரம் ஓரம் வரை சுனாமி அறுநூறு பேர் அளவில் கொண்டுபோனது. நோய் பரவும் அச்சத்தில் பல உடல்கள் ஓரிரு நாளில் கூட்டுக்குழிகளில் புதைக்கப்பட்டன. பின்னர் உறவினர் வந்தால் காட்ட மிஞ்சியது புகைப்படம். அதே சுனாமியில் தாய்லாந்தின் புக்கெட்டில் பல நாட்டுக் குழுக்கள் மாதக்கணக்கில் பற்களையும் கைரேகைகளையும் மரபணுவையும் ஒப்பிட்டு உடல்களுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தன. வீங்கிய முகத்தின் படத்தைக் கண்டு அடையாளம் சொல்வது எவ்வளவு தவறக்கூடியது என்பதை அந்த அனுபவம் உலகுக்குக் காட்டியது. இலங்கையின் கல்முனையில் தப்பிப் பிழைத்த ஒரு கைக்குழந்தைக்குப் பல பெற்றோர் உரிமை கோருவதாகச் செய்தி பரவ, 2005 பிப்ரவரியில் மரபணுச் சோதனைதான் அது எந்தத் தமிழ்த் தம்பதியின் பிள்ளை என்று தீர்த்தது. ‘81ஆம் எண் குழந்தை’ என்று அந்தப் பிள்ளை உலகச் செய்தியானது. பெற்றோர்–பிள்ளை ஒப்பீடு மரபணுவின் மிக உறுதியான களம். சிதம்பரம் வழக்கில் அது நின்றதற்கும் கல்முனையில் நின்றதற்கும் காரணம் ஒன்றே.

மரபணுச் சோதனையே செய்யாத வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2001 அக்டோபரில் கொடைக்கானல் மலையில் டைகர் சோலைப் பகுதியில் ஓர் உடல் கிடைத்து, உரிமை கோர ஆளில்லாமல் அடக்கம் செய்யப்பட்டு, பின்னர் தோண்டியெடுக்கப்பட்டது. சரவண பவன் உரிமையாளர் பி. ராஜகோபால் தண்டிக்கப்பட்ட வழக்கு அது. மண்டையோட்டின் படத்தையும் இறந்தவரின் புகைப்படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கண்குழி, மூக்கடி, தாடைக் கோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் மேற்பொருத்துச் சோதனை செய்யப்பட்டது. டி.என்.ஏ. எடுக்காததால் அடையாளமே நிரூபணமாகவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மேற்பொருத்து பிழையே நேராத முறை அல்ல, மற்றச் சான்றுகளுக்குத் துணைநிற்கும் நிபுணர் கருத்து என்றது. மரபணுச் சான்றும் நிபுணர் கருத்துதான், அதன் எடை வழக்குக்கு வழக்கு மாறும் என்றும் சொன்னது. மரபணுவைத் தனிப் பீடத்தில் ஏற்றாத அந்தப் பார்வை சரியானது என்றே எனக்குப் படுகிறது. மேற்பொருத்தில் இரு முகங்கள் ‘ஒத்துப்போகும்’ என்பது விலக்குவதற்கு வலுவான கருவி, உறுதிப்படுத்துவதற்கு அத்தனை வலுவற்றது. பொருந்தாத மண்டையை அது தள்ளிவிடும். பொருந்தும் மண்டை இன்னொருவருடையதாகவும் இருக்கலாம். ரத்தப் பிரிவும் அப்படித்தான். அறையில் கிடந்த கறை இறந்தவரின் பிரிவே என்றால் கேட்பவர் மனம் உடனே முடிவுக்குப் போகிறது; ஆனால் நம் மக்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் ‘ஓ’, இன்னொருவர் ‘பி’.

இங்கே எண்களின் விவகாரம் வருகிறது. இன்றைய சோதனை, மரபணுவில் சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் இடங்களை எண்ணுகிறது. ஒவ்வோர் இடத்திலும் ஆளுக்கு ஆள் அந்த எண்ணிக்கை மாறும். அமெரிக்கத் தரவுத்தளம் 13 இடங்களோடு தொடங்கி 2017 முதல் 20 இடங்களைக் கேட்கிறது. இருபதும் முழுமையாகப் படிக்கக் கிடைத்தால் தற்செயலாக இன்னொருவர் பொருந்தும் வாய்ப்பு உலக மக்கள்தொகையையும் தாண்டிச் சிறுத்துவிடும். குற்றத் தலத்துக் கறையில் இருபது எப்போதும் கிடைப்பதில்லை. ஐந்தாறு இடங்கள் மட்டுமே தெளிவாக வந்து, ‘பத்து லட்சத்தில் ஒருவருக்குத்தான் இப்படி இருக்கும்’ என்று நிபுணர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘ஆகவே இவர் நிரபராதியாக இருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று’ என்று அரசு வழக்கறிஞர் அடுத்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டால் அங்கே பிழை நுழைந்துவிடுகிறது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. பத்து லட்சத்தில் ஒருவர் என்றால் மாநிலத்தில் மட்டும் ஏறக்குறைய 72 பேருக்கு அந்தச் சித்திரம் பொருந்தும். வேறு எந்தச் சான்றும் இல்லையென்றால் நிற்பவர் அந்த 72 பேரில் ஒருவர், அவ்வளவே. அன்று ஊரில் இருந்தவர், இறந்தவரோடு பகை உள்ளவர், கறை படிந்த அறையில் தங்கியவர் என்று வேறு சான்றுகள் சேரச் சேரத்தான் அந்த 72 ஒன்றாகச் சுருங்கும்.

இந்தக் கணக்கு மக்கள் ஒருவரோடொருவர் உறவில்லாதவர்கள் என்று வைத்துப் போடப்படுகிறது. நம் நிலைமை அதுவா? சாதிக்குள்ளேயே மணம், அதிலும் அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டுவது தென்னிந்தியாவில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. கொள்ளிடக் கரை ஊர் ஒன்றில் ஒரே தெருவில் வாழ்பவர்களுக்கு மூன்று தலைமுறைக்கு முந்தைய பாட்டன் பொதுவாக இருப்பது அரிதல்ல. அப்படிப்பட்ட இடத்தில் இருவர் ஒரே மரபணுக் கூறுகளைப் பகிரும் வாய்ப்பு பொதுக் கணக்கு காட்டுவதைவிடக் கூடுதல். குற்றத்தில் சந்தேகத்துக்குரியவர்கள் பெரும்பாலும் அதே தெருவினர், அதே குடும்பத்தினர். உடன்பிறந்தவர்கள் என்றால் வித்தியாசம் இன்னும் பெரிது: ஐந்து இடங்கள் மட்டுமே படிக்கக் கிடைத்த அரைகுறைச் சித்திரத்தில் முன்பின் தெரியாத ஒருவர் பொருந்தப் பல லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்றால், சொந்த அண்ணன் பொருந்திவிடும் வாய்ப்பு சில நூறில் ஒன்றாகிவிடும். இதற்குத் திருத்தக் கெழு உண்டு; 1990களில் அமெரிக்க தேசிய ஆய்வுக் குழுவே அதைப் பரிந்துரைத்தது. எந்த மக்களின் அலைவெண்ணை வைத்துக் கணக்கிட்டீர்கள், உறவு மணத்துக்குத் திருத்தம் செய்தீர்களா, உடன்பிறந்தவரை விலக்கினீர்களா? தமிழ்நாட்டில் ஒவ்வொரு குறுக்கு விசாரணையிலும் இந்த மூன்றையும் கேட்க வேண்டும். நம் சமூகத்தின் மண உறவை அறியாத கணக்கு நம் நீதிமன்றத்துக்கு அரைக்கணக்குதான்.

பலருடைய மரபணு கலந்துகிடக்கும் கறையில் படிப்பவரின் மனமும் உள்ளே வந்துவிடுகிறது. 2011இல் இட்டியெல் ட்ரோர், கிரெக் ஹாம்பிகியன் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். ஏற்கெனவே நீதிமன்றத்தில் ‘இவரை விலக்க முடியாது’ என்று சொல்லப்பட்டிருந்த கலப்பு மாதிரியின் தரவை, வழக்கின் கதையைச் சொல்லாமல் 17 நிபுணர்களிடம் கொடுத்தார்கள். 12 பேர் அந்த ஆளை விலக்கினார்கள். 4 பேர் முடிவு சொல்ல முடியாது என்றார்கள். ஒரே ஒருவர்தான் முதல் அறிக்கையோடு ஒத்துப்போனார். தரவு ஒன்றுதான், முன்பு கேட்டிருந்த கதை கண்ணை மாற்றியிருந்தது. ‘குற்றவாளி ஒப்புக்கொண்டுவிட்டான், இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்’ என்ற குறிப்போடு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஜெர்மனியில் பல ஆண்டுகளாக டஜன் கணக்கான குற்றத் தலங்களில் ஒரே பெண்ணின் மரபணு கிடைத்து, ‘ஹைல்பிரான் மாயப்பெண்’ என்று தேடியலைந்தார்கள். மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தயாரித்த ஆலைத் தொழிலாளி ஒருவரின் மரபணு அது என்று 2009இல்தான் தெரிந்தது. ஆய்வகம் ஒருமுறைகூடத் தவறாகப் படிக்கவில்லை. படித்தது வேறு கேள்விக்கான விடையை.

ஆய்வகத்துக்கு வெளியே நேரும் குறை சான்றையே கெடுத்துவிடும் என்பதைச் சுருளி அருவி வழக்கு தமிழ்நாட்டிலேயே காட்டிவிட்டது. 2011இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பகுதியில் இளம் இணையர் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது, உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. மரபணுச் சான்று அவருக்கு எதிரான முக்கியத் தூண். 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. மாதிரிகள் எடுக்கப்பட்ட நாளிலிருந்து ஆய்வகம் சேரும் வரை எங்கே, யார் பொறுப்பில், எந்த நிலையில் இருந்தன என்பதற்கு நம்பத்தகுந்த பதிவு இல்லை. அப்படியிருக்க அறிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தும் என்ன பயன்?

அந்தத் தீர்ப்பு நாடு முழுமைக்கும் நடைமுறை வகுத்தது. மாதிரி எடுக்கும்போதே மருத்துவர், புலனாய்வு அதிகாரி, சுயேச்சை சாட்சி ஆகியோரின் பெயரும் கையெழுத்தும் கொண்ட ஆவணம் வேண்டும். 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். தாமதமானால் காரணம் எழுதப்பட வேண்டும். விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பொதியைத் திறக்கவோ மீண்டும் முத்திரையிடவோ கூடாது. கைமாறிய ஒவ்வொரு கட்டத்தையும் காட்டும் பதிவேடு வழக்குக் கோப்போடு இணைக்கப்பட வேண்டும். படிவம் 95, மகஜர், அரக்கு முத்திரை என்று நம் காவல் நிலையங்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் காகித வேலையை எழுத்தரின் சடங்காகப் பார்த்துப் பழகிவிட்டோம். உண்மையில் மரபணு அறிக்கை என்ற கட்டடம் நிற்பது அந்தக் காகிதத்தின் மேல்தான். 1849இலேயே ரசாயனப் பரிசோதகர் ஆய்வகத்தைத் தொடங்கிய, அந்த வகையில் இந்தியாவில் முதலாவதான, சென்னையின் மரபுக்கு வாரிசான மாநிலத்தில் இந்தக் குறை நேர்ந்தது வேதனை தருகிறது.

காகிதமே பொய்யானால் என்ன நடக்கும் என்பதையும் கடலூர் மாவட்டம் கண்டிருக்கிறது. 2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில் சாதி மறுத்து மணந்த கண்ணகி, முருகேசன் இருவரின் வாயிலும் நஞ்சு ஊற்றிக் கொன்று உடல்களை எரித்தார்கள். பொருண்மைச் சான்று சாம்பலானது. உள்ளூர்ப் போலீஸ் உண்மையை மறைத்து, முருகேசன் தரப்பினரையும் குற்றவாளிகளாக்கி வழக்குப் பதிந்தது. சி.பி.ஐ. எடுத்து நடத்திய வழக்கில் 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் தண்டனை வழங்கியது. பொய் ஆவணம் புனைந்த காவல் அதிகாரிகள் இருவரும் தண்டிக்கப்பட்டவர்களில் அடக்கம். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இந்த வழக்கை நிலைநிறுத்தியது உயிரோடு இருந்து பேசிய மனிதர்களின் சாட்சியம். தடயம் இல்லாத இடத்தில் நீதி இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காகவே இதை இங்கே சொல்கிறேன். தடயத்தை அழிக்கும் வல்லமை பெரும்பாலும் வலுத்தவர் கையில்தான் இருக்கிறது.

நிபுணர் கருத்தை எதிர்த்துக் கேட்கும் வசதியும் வலுத்தவருக்கே வாய்க்கிறது. 1997இல் புதுக்கோட்டையில் சாமியார் பிரேமானந்தா மீதான பாலியல் வன்முறை வழக்கு நடந்தபோது கருவின் திசுவை வைத்து ஹைதராபாத் விஞ்ஞானிகள் தந்த தந்தைமை முடிவை மறுக்க எதிர்த்தரப்பு இங்கிலாந்திலிருந்து நிபுணரை அழைத்துவந்தது. நீதிமன்றம் ஹைதராபாத் முடிவையே ஏற்றது, உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. இரு நிபுணர்கள் கூண்டில் நின்று வரி வரியாக மோதியதால் அந்த முடிவுக்கு வலு கூடியதே தவிரக் குறையவில்லை. கூலி வேலைக்குப் போகிற ஒருவர் குற்றவாளிக் கூண்டில் நிற்கும்போது அவருக்கு அப்படி யார் வருவார்? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தின் 329ஆம் பிரிவும், அரசு ஆய்வக நிபுணரைக் கூண்டில் ஏற்றாமலே அவர் அறிக்கையைச் சாட்சியமாக ஏற்க வழிவிடுகின்றன. நீதிமன்றம் விரும்பினால் அழைக்கலாம். பெரும்பாலும் ஒரு பக்க அறிக்கை, ‘பொருந்துகிறது’ என்ற ஒற்றைச் சொல், கையெழுத்து, முத்திரை, அதோடு முடிந்துவிடுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த அந்தப் புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் குற்றத் தலத்துக்கு நேரில் சென்று சான்று சேகரிக்க வேண்டும், அதை வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் இதை அமலாக்க வேண்டும். ஆய்வகங்களுக்குத் தரக்கட்டுப்பாடு விதிக்க வந்த டி.என்.ஏ. தொழில்நுட்ப மசோதாவை 2023இல் மத்திய அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகச் சேகரிப்புக்குச் சட்டம் வந்துவிட்டது. படிப்புக்கும் பொருள்கொள்ளலுக்கும் இன்னும் வரவில்லை. எந்த இடங்கள் படிக்கப்பட்டன, எவை படிக்கக் கிடைக்கவில்லை, எந்த மக்களின் அலைவெண் கொண்டு கணக்கிடப்பட்டது, வழக்கைப் பற்றி ஆய்வாளருக்கு முன்கூட்டி என்ன சொல்லப்பட்டது என்பவை அறிக்கையிலேயே அச்சாக வேண்டும். மூலத் தரவு கேட்காமலே எதிர்த்தரப்புக்குப் போய்ச் சேர வேண்டும். மாவட்டச் சட்ட உதவி ஆணையத்தின் பட்டியலில் வழக்கறிஞர்களோடு மரபணுப் படிப்பறிந்த ஒருவரேனும் இருக்க வேண்டும். கடலூருக்கு அப்படி ஒருவரை நியமிக்கப் பெரிய செலவு ஆகாது. அதை மாநில அரசு இந்த ஆண்டே தொடங்கலாம்.